விபத்தும் போலீஸ் அறிக்கையும்

2022-ம் வருஷத்தில் நமது தேசத்துச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். இது மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்கு. விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற ராஜ்யம் தமிழ்நாடு. இங்கே அவ்வருஷம் 64,105 விபத்துக்களும் 17,884 மரணங்களும் பதிவாயின. நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 உயிர்கள். கொள்ளை நோயொன்று தினந்தோறும் இத்தனை பேரைக் கொண்டு போகுமானால் நாடு கலங்கிப் போயிருக்கும். சாலை மரணமோ பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக முடிந்து போகிறது.

இந்த இலக்கங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. இவை ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கல்ல. எஞ்சினீயர்கள் அளந்து கண்டதுமல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு போலீஸ் ஸ்டேஷனில், யாரோ ஒரு சப் இன்ஸ்பெக்டரோ ஏட்டோ எழுதிய அறிக்கையிலிருந்து வருவது. அந்த அறிக்கை பிழைபட்டால் கணக்கும் பிழைபடும். கணக்கை நம்பிச் செய்யும் பரிகாரமும் பிழைபடும். அவ்வறிக்கை எவ்வாறு எழுதப்படுகிறது, அதில் எது இடம்பெறுகிறது, எது விட்டுப் போகிறது என்பதைப் பொதுஜனங்கள் அறிந்திருப்பது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

அறிக்கை பிறக்கும் விதம்

சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்ததும் முதல் காரியம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது. அது நியாயமே. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது. போலீஸார் அங்கே சென்று, காயம்பட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவரிடமும், இல்லாவிட்டால் உடன் வந்த உறவினரிடமும் வாக்குமூலம் வாங்குகிறார்கள். உறவினர் பல சமயங்களில் சம்பவத்தை நேரில் கண்டவரல்லர். செய்தி கேட்டு ஓடி வந்தவர். அவர் கேள்விப்பட்டதே எழுத்தில் ஏறுகிறது. இதுவே முதல் தகவல் அறிக்கை. 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி வரையில் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 154-வது பிரிவின்படி பதிவானது, அன்று முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி பதிவாகிறது.

பிறகு போலீஸ் உத்தியோகஸ்தர் ஸ்தலத்துக்குச் செல்கிறார். கண்டதை எழுதிப் பார்வை மகஜர் தயாரிக்கிறார். மாதிரி வரைபடம் போடுகிறார். மகஜரில் இரண்டு சாட்சிகளின் கையொப்பம் பெறுகிறார். வண்டி ஸ்டேஷன் வாசலுக்கு வருகிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் அதைச் சோதித்து, பிரேக் முதலியன சரியாக இருந்தனவா, விபத்து யந்திரக் கோளாறினால் நேர்ந்ததா என்று சான்று அளிக்கிறார். மரணம் நேர்ந்திருந்தால் பிரேத பரிசோதனை நடக்கிறது. சாட்சிகளின் வாக்குமூலங்களும் சேர்ந்த பின் குற்றப் பத்திரிகை கோர்ட்டுக்குப் போகிறது, அல்லது வழக்கு முடிக்கப்படுகிறது.

ஏற்பாடு ஒழுங்கானதுதான். ஆனால் போலீஸார் ஸ்தலத்தை அடைவதற்குள் என்னென்ன நடந்து விடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். போக்குவரத்து நின்று விடுகிறது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். வண்டிகளை ஓரமாகத் தள்ளி வழி விடுகிறார்கள். டயர் தேய்ந்த தடத்தின் மேல் நூறு வண்டிகள் ஓடி விடுகின்றன. உடைந்த கண்ணாடியை யாரோ ஒதுக்கி விடுகிறார்கள். இரவில் நேர்ந்த விபத்துக்கு மறுநாள் பகலில் மகஜர் எழுதினால், அவ்விடத்தில் விளக்கு எரிந்ததா இல்லையா என்பது கூடத் தெரியாமல் போகும். அதனால்தான் நிகழ்ந்தது என்ன என்ற கேள்விக்குப் பதிலாக, வழக்கமாக எழுதுவது என்ன என்பதே பல அறிக்கைகளில் இடம்பெறுகிறது.

ஒரே வாசகம்

அந்த வழக்கமான வாசகம் தமிழ்நாட்டில் கோர்ட் வாசலை மிதித்தவர் எவருக்கும் மனப்பாடம். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்" என்பதே அது. லாரியானாலும் பஸ்ஸானாலும், மழையானாலும் வெயிலானாலும், வளைவானாலும் நேர் சாலையானாலும் இந்த வாசகம் மாறுவதில்லை.

இது போலீஸார் சோம்பலால் கண்டுபிடித்த வாசகமல்ல. சட்டம் கேட்கும் வாசகம் அது. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279-வது பிரிவு, பொது வழியில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கியது. அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பது பற்றிய 304-ஏ பிரிவு 1870-ம் வருஷத்தில் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886-ம் வருஷத்தில். ஆகவே குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் ஓடிய காலத்தில் வெள்ளைக்கார ஆட்சியார் எழுதி வைத்த வாசகத்தையே நாம் இன்றைய நான்கு வழிச் சாலைகளிலும் கையாண்டு வருகிறோம். 2024-ம் வருஷத்தில் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் 279 என்பது 281 ஆயிற்று. 304-ஏ என்பது 106 ஆயிற்று. அஜாக்கிரதை மரணத்துக்கு இரண்டு வருஷமாக இருந்த அதிகபட்சத் தண்டனை ஐந்து வருஷமாக உயர்ந்தது. மூல வாசகம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

குற்றத்தைப் பதிவு செய்ய ஒரு குற்றவாளி வேண்டும். குற்றவாளி அதிவேகமாகவோ அஜாக்கிரதையாகவோ ஓட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டுமின்றி வழக்கு நிற்காது. எனவே விசாரணை தொடங்கும் முன்பே முடிவு எழுதப்பட்டு விடுகிறது. வேகமென்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? எந்தத் தடத்தை அளந்து கண்டார்கள்? அந்த இடத்தில் அனுமதிக்கப்பட்ட வேகம் என்ன? இக்கேள்விகளுக்கு அறிக்கையில் விடை கிடைப்பது அருமை. அதிவேகம் என்ற சொல் மட்டுமே அஜாக்கிரதையை நிரூபித்து விடாது என்று, கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறிய தீர்ப்பு 1998-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்புகளில் உள்ளது. ஸ்டேஷன் எழுத்தில் அந்தத் தீர்ப்பின் சாயல் இன்னும் போதிய அளவு படியவில்லை.

இந்த வாசகம் கோர்ட்டோடு நிற்குமானால் தீங்கு குறைவு. போலீஸார் குறிக்கும் காரணமே தேசத்தின் புள்ளி விவரமுமாகிறது. 2022-ம் வருஷத்து விபத்துக்களில் 72.3 சதவிகிதத்துக்கு அதிவேகமே காரணம் என்று சர்க்கார் அறிக்கை கூறுகிறது. வேகம் உயிரைக் கொல்லும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. வேகம் கூடக் கூட மோதலின் உக்கிரம் பன்மடங்காகப் பெருகுவது பௌதிக சாஸ்திரம். ஆயினும் வேகத்தை அளக்காமல் எழுதிய சொற்களைக் கூட்டிப் பெற்ற சதவிகிதத்தை விஞ்ஞான முடிவாக ஏற்பது எங்ஙனம்? ஓட்டுநரின் குணத்தைக் குறை சொல்லி விட்டால் மற்ற எதையும் ஆராய வேண்டாம் என்ற மன நிம்மதியை அந்தச் சதவிகிதம் அதிகாரிகளுக்கு அளித்து விடுகிறது. அதுவே அதன் பெரிய தீங்கு.

குற்றம் சாட்டப்படாத சாலை

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு கிராமத்தை இரண்டாகப் பிளந்து கொண்டு நெடுஞ்சாலை போகிறது. வயல் ஒரு புறம், வீடு மறு புறம். சுரங்கப் பாதை ஒரு மைலுக்கு அப்பால். நடுத் திட்டில் ஓர் இடைவெளி, அவ்விடத்தில் விளக்கில்லை. பொழுது சாய்ந்த பின் வேலை முடிந்து குறுக்கே வந்த மூதாட்டியின் மேல் வான் மோதுகிறது. வான் ஓட்டியவர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்தார் என்று எழுதலாம். மூதாட்டி கவனக் குறைவாகத் திடீரெனக் குறுக்கே வந்தார் என்றும் எழுதலாம். இரண்டில் எதை எழுதினாலும், விளக்கில்லாத இடைவெளியும் தொலைவிலுள்ள சுரங்கப் பாதையும் அறிக்கைக்கு வெளியே நின்று விடுகின்றன. அடுத்த அறுவடைக்குள் அதே இடத்தில் மற்றொருவர் விழுகிறார். அப்போதும் அதே வாசகம் எழுதப்படுகிறது. 2022-ல் இத்தேசத்தில் மாண்ட பாதசாரிகள் 32,825 பேர். அவர்களில் எத்தனை பேர் இத்தகைய இடைவெளிகளில் மாண்டனர் என்பதை அந்த அறிக்கைகளைக் கொண்டு அறிய வழியில்லை.

சாலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சட்டத்தில் இடமில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலையை வகுத்த, அமைத்த, பராமரிக்கும் அதிகாரியோ கண்டிராக்டரோ உரிய தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம் என்பது அதன் சாரம். ஓர் உயிருக்கு ஒரு லட்சம் என்பது சொற்பமே. அந்தச் சொற்பத்தையும் பெற வேண்டுமானால், சாலையின் குறை என்னவென்று முதலில் யாராவது எழுதி வைக்க வேண்டும். மகஜரில் ஏறாத பள்ளம் கோர்ட்டில் தோன்றாது.

இடத்தைக் குறிப்பதிலும் இதே நிலை. தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று வருஷங்களில், மரணமோ கொடுங்காயமோ விளைந்த ஐந்து விபத்துக்கள் நேர்ந்தால், அல்லது பத்துப் பேர் மாண்டால், அதை அபாயப் பகுதி என்று கொண்டு சீர்திருத்த வேண்டும் என்பது மத்திய சர்க்கார் வகுத்த இலக்கணம். "கல்யாண மண்டபத்துக்கு அருகில்" என்றும் "பெட்ரோல் பங்க் எதிரில்" என்றும் எழுதினால் இந்த 500 மீட்டரை எப்படி அளப்பது? இரண்டு ஸ்டேஷன்களின் எல்லை கூடுமிடத்தில், மூன்று விபத்து ஒரு புத்தகத்திலும் இரண்டு விபத்து மற்றொரு புத்தகத்திலும் ஏறினால் அந்த இடம் எந்தக் கணக்கிலும் அபாயப் பகுதியாகாமல் தப்பி விடலாம். கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ஒரு வரி எழுதியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கக் கூடும் என்பதை நினைத்தால் நெஞ்சம் பதறுகிறது.

விதவையின் நஷ்டஈடு

இந்த அறிக்கையை நம்பி நிற்கும் மற்றொருவர் உண்டு. அவர் இறந்தவரின் மனைவி. விபத்து நஷ்டஈட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் ஏற்பட வழி செய்தது 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 1956-ல் வந்த திருத்தம். இன்று நடப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். தீர்ப்பாயம் முதலில் கையில் எடுப்பது போலீஸ் காகிதங்களையே. மாண்டவர் மேலும் தவறு உண்டு என்று அக்காகிதங்களிலிருந்து தோன்றுமானால் நஷ்டஈட்டில் ஒரு பங்கு குறைகிறது. மாண்டவர் எழுந்து வந்து மறுக்க முடியாது. பிழைத்தவரின் வாய்மொழி ஒன்றே அறிக்கையாகி விட்டால், குழந்தைகளின் படிப்பும் சோறும் அந்த ஒரு தாளில் அடங்கிப் போகின்றன. ஓட்டுநரின் கதியும் இதுவே. குற்றமற்ற ஏழை ஓட்டுநர் ஒருவர், சாலையின் பிழைக்காகத் தமது லைசென்ஸையும் பிழைப்பையும் இழக்க நேரலாம்.

மோதி விட்டு ஓடிய வண்டிகளின் கதை இன்னும் துயரமானது. 2022-ல் இத்தகைய 67,387 விபத்துக்களில் 30,486 பேர் மாண்டதாகக் கணக்கு. வண்டி இன்னதென்று தெரியாத போது மரணத்துக்கு 2,00,000 ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தருவதற்கு 2022-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒரு திட்டம் அமலில் உள்ளது. அதற்கு முன் இத்தொகைகள் 25,000 ரூபாயும் 12,500 ரூபாயுமே. இப்படி ஓர் உரிமை உண்டு என்று குடும்பத்தாரிடம் யாராவது சொன்னால் அல்லவா அவர்கள் கேட்பார்கள்?

புது விதிகள்

இவ்விஷயத்தில் நன்மை ஒன்றும் நடக்கவில்லை என்று கூறுவது நியாயமாகாது. டில்லி ஹைகோர்ட்டின் நெடுநாள் முயற்சியிலிருந்து உருவான முறை, 2022-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் தேசம் முழுமைக்கும் விதியாயிற்று. அதன்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள்ளும், இடைக்கால அறிக்கை 50 நாட்களுக்குள்ளும், விரிவான அறிக்கை 90 நாட்களுக்குள்ளும் தயாராக வேண்டும். அவை தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போக வேண்டும். ஓட்டுநர், வண்டிச் சொந்தக்காரர், பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு; ஸ்தல வரைபடத்துக்கும் யந்திர சோதனைக்கும் படிவங்கள் உண்டு. போலீஸார் அனுப்பும் அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்கலாம். இவ்வேலைக்குப் பயிற்சி பெற்ற தனிப் பிரிவுகளை அமைக்க வேண்டுமென்று 2022-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய கணினி ஏற்பாட்டின் மூலம், ஸ்தலத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளும் புகைப்படங்களும் பதிவாகின்றன. மண்டபத்துக்கு அருகில் என்ற குறிப்பின் குறை இதனால் பெரிதும் நீங்கும்.

இவற்றை மனமார வரவேற்கிறோம். ஆனால் கருவி புதிதாயினும் கேள்வி பழையதாயின் விடையும் பழையதாகவே வரும். "குற்றவாளி யார்?" என்ற கேள்விக்கு அருகில், "இது ஏன் நேர்ந்தது, மறுபடி நேராமல் தடுப்பது எப்படி?" என்ற கேள்வியும் சம அந்தஸ்துடன் எழ வேண்டும்.

இது புதிய வேதாந்தமல்ல. நமது தேசத்திலேயே ரயில் விபத்துக்கும் விமான விபத்துக்கும் இக்கேள்வி கேட்கப்படுகிறது. பெரிய ரயில் விபத்தை விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர். அவர் ரயில்வே இலாகாவுக்கு உட்பட்டவரல்லர். சிவில் விமான இலாகாவைச் சேர்ந்தவர். ரயிலை நடத்துவோரே தம்மைத் தாம் விசாரித்துக் கொள்ளலாகாது என்ற தத்துவமே இதற்குக் காரணம். விமான விபத்துக்கு 2012-ல் தனி விசாரணை அமைப்பு ஏற்பட்டது. அவ்விசாரணையின் நோக்கம் மற்றொரு விபத்தைத் தடுப்பதேயன்றிப் பழி சுமத்துவதன்று என்பது சர்வதேச ஒப்பந்தம். விமானத்தில் செல்பவர் உயிருக்கு இந்த விசாரணை உண்டு. டவுன் பஸ்ஸில் போகிறவருக்கும், சைக்கிளில் போகிறவருக்கும், சாலையைக் கடந்து செல்லும் கூலிக்காரருக்கும் ஒரு மகஜரும் ஒரு வாசகமும் போதுமா? உயிரில் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேதம் சுதந்திர தேசத்துக்கு அழகல்ல.

செய்ய வேண்டியது

போலீஸார் மீது மட்டும் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. பந்தோபஸ்து, திருட்டு, அடிதடி, கோர்ட் ஆஜர் என்று ஆயிரம் வேலைகளுக்கு நடுவே நள்ளிரவில் நெடுஞ்சாலைக்கு ஓடும் சப் இன்ஸ்பெக்டர், எஞ்சினீயரும் அல்லர், வைத்தியரும் அல்லர். அவரிடமே எல்லா ஞானத்தையும் எதிர்பார்ப்பது அநீதி. மரணம் நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும் சாலை இலாகா எஞ்சினீயர் ஒருவர் போலீஸாருடன் ஸ்தலத்தைப் பார்வையிட்டு, சாலையின் நிலையைத் தனிக் குறிப்பாக எழுதட்டும். அவர் அந்தச் சாலையைப் பராமரிப்பவராக இருத்தல் கூடாது. வேகத்தை எழுதினால் அதை எவ்வாறு கண்டார்கள் என்பதையும் எழுதட்டும். அளக்க இயலாவிட்டால் அளக்கவில்லை என்றே எழுதட்டும். காரணம் என்ற இடத்தில் ஒன்றை மட்டும் குறிக்காமல், ஓட்டுநர், வண்டி, சாலை, வெளிச்சம் ஆகிய நான்கையும் தனித்தனியே குறிக்கட்டும். பாதிக்கப்பட்டவருக்குத் தரும் படிவங்கள் அவர் வாசிக்கக் கூடிய நல்ல தமிழில் இருக்கட்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் எந்த இடத்தில் எத்தனை பேர் மாண்டனர், அங்கே என்ன பரிகாரம் செய்யப்பட்டது என்பதைப் பெயர்களை நீக்கி வருஷந்தோறும் வெளியிடட்டும்.

பொதுஜனங்களுக்கும் கடமை உண்டு. சாட்சி சொன்னால் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய நேரும் என்று அஞ்சி, கண்டவர்கள் காணாதவர்களாகி விடுகிறார்கள். அந்த அச்சம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்திருக்கலாம். அடிபட்டவருக்கு உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016-ல் சுப்ரீம் கோர்ட் சட்ட பலம் அளித்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ பிரிவாக அப்பாதுகாப்பு ஏறியது. ஆகவே கண்டதைக் கண்டபடி சொல்ல அஞ்ச வேண்டியதில்லை. அடிபட்டவரை அனுப்பி வைத்த பின், வண்டிகளை நகர்த்தும் முன், கையிலுள்ள டெலிபோனால் சாலையைப் படம் பிடித்து வைப்பது பெரிய தர்மம். முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகப் பெறுவது தகவல் கொடுத்தவரின் உரிமை. தமது உரிமைகளைக் கூறும் படிவத்தைப் பத்து நாட்களுக்குள் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. நஷ்டஈட்டு மனுவுக்கு ஆறு மாத கெடு உண்டு என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

மாண்டவர் திரும்பி வரப் போவதில்லை. அவர் எப்படி மாண்டார் என்பதை உண்மையாக எழுதி வைப்பது, அவருக்கு நாம் செலுத்தக் கூடிய கடைசி மரியாதை. அதே சாலையில் நாளை நடக்கப் போகிறவருக்குச் செய்யும் முதல் உதவியும் அதுவே. அந்த இடத்தில் ஒரு மனப்பாட வாசகத்தை எழுதித் திருப்தியடைவது இருவருக்கும் இழைக்கும் துரோகம். சர்க்கார் விரைவில் விழித்துக் கொள்ள வேண்டும்.